தலையில் அடிபட்ட பிள்ளை திரும்ப இறங்கலாமா? ஐஸ் ஹொக்கி அரங்கும் எங்கள் மைதானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் உடைத்துப் போடுவது. அதன்மேல் சறுக்கிக்கொண்டு ஒரு விளையாட்டு விளையாடுவார்கள் என்பதை, மகள் கனடாவுக்குப் போன பிறகுதான் நான் கைத்தொலைபேசியில் கண்டேன். முப்பது வருடங்களுக்கு மேல் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி படிப்பித்தவன் நான். ஒரு மாரி காலத்து விடியற்காலை ஆறரைக்கு மகள் அழைத்தாள். அங்கே முந்தின இரவு எட்டு மணி. பேரன் ஐஸ் அரங்கின் ஓரப் பலகையில் மோதிவிட்டானாம். இரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் பயிற்றுநர் அவனைத் திரும்ப இறக்க மறுத்துவிட்டார், சில வாரங்கள்கூட ஆகலாம் என்கிறார். "இதென்ன அப்பா அநியாயம், பிள்ளை நன்றாகத்தானே நிற்கிறான்?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பதில் சொல்வதற்காகவே நான் படிக்கத் தொடங்கினேன். பிறகு இங்கே பெற்றோரும் இளம் பயிற்றுநர்களும் அதே கேள்விகளை வேறு சொற்களில் கேட்டார்கள். நான் வைத்தியன் அல்லன். அவசரம் என்றால் இதைப் படித்துக்கொண்டிராமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது.

மூளையதிர்வு என்றால் என்ன? மண்டைதான் உடையவில்லையே?

முற்றிக் காய்ந்த தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்திருப்பீர்கள். ஓடு கல்லுப்போல் இருக்கும், உள்ளே பருப்பு கழன்று குலுங்கும். மூளை அப்படிக் கழன்று கிடப்பதில்லை. ஆனாலும் அது மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. விரைந்து ஓடுகிறவன் சடுதியாக நின்றால், அல்லது தலை வெடுக்கென்று திரும்பினால், ஓடு நின்றுவிடும், மூளை நிற்காது. அது முறுக்குண்டு நரம்பு நார்கள் இழுபடும். அடி தலையில்தான் விழவேண்டும் என்றுகூட இல்லை. தோளிலோ முதுகிலோ பலமாக இடித்தாலும் அந்த உதறல் தலைக்குப் போய்ச் சேரும்.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நான் ஆசிரியனாக இருந்த காலம் முழுவதும் அறியாதிருந்தேன். இழுபட்ட நரம்புக் கலங்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிகிறது, கல்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சீராக்க மூளைக்கு வழமையைவிடக் கூடுதல் சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஊர் இது. தேவை ஏறும்போது வரத்துக் குறைந்தால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உடைவு ஒன்றுமில்லை, ஓட்டம்தான் இல்லை. மூளையதிர்வு அதுதான்.

அவன் மயங்கி விழவில்லை. அப்படியென்றால் பயமில்லைதானே?

இல்லை. மூளையதிர்வு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நினைவிழப்பதே இல்லை. "மயங்கினானா?" என்ற ஒரே கேள்வியோடு நான் எத்தனை பிள்ளைகளைத் திரும்ப ஓடவிட்டிருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்க்க மனம் வருவதில்லை.

ஐஸ் ஹொக்கியில் மட்டும் ஏன் இதைப் பற்றி இவ்வளவு பேச்சு?

வேகம் ஒரு காரணம். தேர்ந்த ஆட்டக்காரர் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் சறுக்குவார். நம் ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிள் போகும் வேகம் அது. அவர்கள் துரத்தும் வட்டு 170 கிராம் எடையுள்ள இறுகிய றப்பர். உதைபந்து மைதானத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டினால் புல்லோ மணலோ கிடக்கும். ஐஸ் அரங்கைச் சுற்றிப் பலகையும் தடித்த கண்ணாடியும் நிற்கின்றன. விழுந்தால் கீழேயும் கல்லுப்போன்ற ஐஸ்தான். இவற்றுக்கு மேலே, வளர்ந்தவர்களின் ஆட்டத்தில் வட்டு வைத்திருப்பவனை உடம்பால் இடித்து விலக்குவது சட்டப்படியே ஆட்டத்தின் ஒரு பகுதி.

அந்த இடிதான் முதலாவது குற்றவாளி என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. கனடாவின் தேசிய ஹொக்கி அமைப்பு 2013 இல் 11, 12 வயதுப் பிரிவில் உடம்பால் இடிப்பதைத் தடை செய்தது. விளையாட்டு மூளையதிர்வு பற்றி ஆராயும் நிபுணர் குழு 2022 இல் அம்ஸ்ரர்டாமில் கூடியது. அடுத்த வருடம் வெளிவந்த அதன் அறிக்கையின்படி, சிறுவர், இளையோர் ஐஸ் ஹொக்கியில் இடிப்பதைத் தடுத்த இடங்களில் ஆட்டங்களின்போது ஏற்படும் மூளையதிர்வு 58 சதவீதம் குறைந்திருக்கிறது. ஒரு விதியை மாற்றியதால் மட்டும் பாதிக்கு மேல் குறைந்தது. இந்த அளவுக்குப் பலன் தந்த கவசம் எதையும் நான் படித்ததில்லை.

மைதானத்தில் நிற்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கண்ணால். அடிபட்ட பிள்ளை எழும்பத் தாமதிக்கிறானா, கால்கள் பின்னுகின்றனவா, தலையைப் பிடித்துக்கொண்டு வெறித்துப் பார்க்கிறானா, எந்தப் பக்கம் கோல் போடவேண்டும் என்று தடுமாறுகிறானா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வெளியே எடுக்க வேண்டியதுதான், கேள்வியே வேண்டாம். பிறகு அவன் சொல்வதைக் கேளுங்கள். தலையிடி, கிறுகிறுப்பு, ஓங்காளம், மங்கலான பார்வை, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, "எல்லாம் புகைமூட்டம் மாதிரி இருக்கிறது" என்ற பேச்சு. சில பிள்ளைகள் காரணமில்லாமல் அழுவார்கள், சிலர் எரிந்து விழுவார்கள். அதைக் குணம் என்று எண்ணிவிட வேண்டாம்.

கேட்பதற்கென்றே சில கேள்விகள் இருக்கின்றன. இது எந்த மைதானம்? இப்போது முதற் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகக் கோல் போட்டது யார்? போன ஆட்டம் யாரோடு? அதில் வென்றோமா? "உன் பெயர் என்ன, அம்மா பெயர் என்ன" என்று கேட்பதில் பலனில்லை. பழைய நினைவு பத்திரமாகத்தான் இருக்கும், இப்போது நடப்பதுதான் பதியாமல் போகும். ஒரு கேள்வி பிழைத்தாலும் ஆட்டம் முடிந்தது. எல்லாம் சரியாகச் சொன்னாலும் சந்தேகம் தீராது, அவனை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில அறிகுறிகள் மணிக்கணக்கு கழித்து, சில மறுநாள்தான் தலைகாட்டும்.

எங்கள் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஐஸ் அரங்கில் ஒருவன் தள்ளாடினால் தலையைத்தான் சந்தேகிப்பார்கள், வேறு காரணம் அங்கே கிடையாது. ஆனி ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது மெக்கெய்சர் மைதானத்தில் ஒரு பிள்ளை தள்ளாடினால், வெயில் என்பார்கள், காலையில் சாப்பிடவில்லை என்பார்கள், ஒரு அம்மா நாவூறு என்பார். எல்லாமே நடக்கக்கூடியவைதான். ஆனால் தள்ளாட்டத்துக்கு முந்தின நிமிடம் இடிபட்டிருந்தால் அதைத் தலையின் கணக்கில் எழுதுங்கள். வெயிலை அதற்குப் பிறகு விசாரிக்கலாம்.

எந்த நிலையில் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?

கழுத்து நோவு, கை கால் விறைப்பு அல்லது பலவீனம், வலிப்பு, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல், கூடிக்கொண்டே போகும் தலையிடி, திரும்பத் திரும்ப வாந்தி, நினைவு மங்கிக்கொண்டு வருதல், வழமைக்கு மாறான ஆவேசம், மண்டையில் பள்ளம் தெரிதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. நினைவு தப்பியிருந்தால், மீண்டும் தெளிந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

கழுத்து நோகிறது என்றால் அவனைத் தூக்க வேண்டாம். நாலு பேர் கையைக் காலைப் பிடித்து ஓட்டோவின் பின்னிருக்கையில் மடித்து வைப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்பினால் செய்வதுதான், ஆனால் கழுத்து எலும்பு முறிந்திருந்தால் அந்த அன்பே அவனை முடமாக்கிவிடும். கிடந்த நிலையிலேயே தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு அம்புலன்ஸ் வரும்வரை நில்லுங்கள். அவன் மூச்சுக்குத் திணறினால் அல்லது வாந்தியெடுத்தால் மட்டும் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தலைக்கவசம் போட்டிருந்தால் பழக்கமில்லாதவர் கழற்றக் கூடாது.

இன்னொன்று. அடிபட்டு எழும்பிச் சிரித்துப் பேசியவன் சில மணிநேரத்தில் சரிவதும் உண்டு. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெல்ல இரத்தம் தேங்குவதன் அறிகுறி அது. புல்மோட்டை, வெருகல் போன்ற தூரத்து ஊர்களிலிருந்து ஆட்டத்துக்கு வந்த அணிகள், அடிபட்ட பிள்ளையை ஏற்றிக்கொண்டு இருட்டில் புறப்படுவதற்கு முன் மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டிவிட்டுப் போவது நல்லது.

ஸ்கான் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகேன் ஓய்வு?

சி.ரி. ஸ்கான் தேடுவது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். அவை இல்லை என்று அது சொன்னால் பெரிய ஆறுதல்தான். ஆனால் மூளையதிர்வு ஸ்கானில் தெரிவதில்லை. அது கட்டமைப்பின் பழுதல்ல, இயக்கத்தின் பழுது. அதனால்தான் அடிபட்ட எல்லோருக்கும் வைத்தியர் ஸ்கான் எழுதுவதும் இல்லை. "ஒன்றும் இல்லை" என்று வைத்தியர் சொன்னால், "ஸ்கானில் ஒன்றும் இல்லையா, அல்லது விளையாடலாம் என்கிறீர்களா?" என்று மரியாதையோடு கேட்டுவிடுங்கள். இரண்டும் வேறு வேறு.

பேரனின் கழகத்தில் சொன்ன "ஸ்கெட்" சோதனை என்ன?

வைத்தியர்களும் இயன்மருத்துவர்களும் பயன்படுத்தும் ஒரு பரிசோதனைப் படிவம். இப்போது ஆறாவது பதிப்பு வழக்கில் இருக்கிறது. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குத் தனிப் படிவம். அறிகுறிகளுக்குப் புள்ளி போடுவார்கள், பத்துச் சொற்களைச் சொல்லி ஒப்புவிக்கச் செய்வார்கள், மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள், ஒரு காலில் நிறுத்திச் சமநிலை பார்ப்பார்கள், சற்று நேரம் கழித்து அந்தப் பத்துச் சொற்களைத் திரும்பக் கேட்பார்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலை. முதல் மூன்று நாட்களில் நன்றாகப் பயன்படும், பிறகு அதன் கூர்மை குறைந்துவிடும். பயிற்றுநர், பெற்றோர் போன்றவர்களுக்கு ஒரே தாளில் அடங்கும் எளிய அறிகுறிப் படிவம் ஒன்றும் இருக்கிறது. அதன் வேலை நோயைத் தீர்மானிப்பதல்ல, பிள்ளையை வெளியே எடுக்கச் சொல்வது.

மார்கழியை முதலாகக் கொண்டு மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லிப் பாருங்கள். நான் சுகமாக இருந்துகொண்டே ஆடியில் தடுமாறினேன்.

இரவில் தூங்கவிடலாமா?

விடலாம், விடவும் வேண்டும். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் ஒன்றும் இல்லை என்று வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகு தூக்கம்தான் மருந்து. மணிக்கொருதரம் உலுக்கி எழுப்புவது பழைய பழக்கம். முதல் சில மணிநேரம் அவனைத் தனியே விடாதிருந்தால் போதும்.

எண்ணெய் தேய்க்கலாமா? பனடோல் கொடுக்கலாமா?

கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பதும், தலையை உருவிவிடுவதும் கூடவே கூடாது. திருநீறு போடுவதை நான் தடுக்கமாட்டேன், அதனால் கெடுதல் இல்லை. தலையிடிக்கு அளவாகப் பரசிற்றமோல் கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன் வகைகளை முதல் நாட்களில் தவிர்க்க வேண்டும், இரத்தக் கசிவு இருந்தால் அவை அதைக் கூட்டிவிடும். டெங்குக் காலத்தில் நாம் படித்த அதே பாடம். தூக்க மாத்திரை வேண்டாம். வளர்ந்தவர் என்றால் மதுவும் வேண்டாம், அன்றைக்கு மோட்டார் சைக்கிள் ஓடுவதும் வேண்டாம்.

எத்தனை நாள் இருட்டறையில் படுக்க வைக்க வேண்டும்?

இருட்டறையே வேண்டாம். முன்பு அப்படித்தான் சொன்னார்கள், இப்போது மாற்றிவிட்டார்கள். முதல் 24 முதல் 48 மணிநேரம் ஆறுதலாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் நடக்கலாம், பேசலாம், சிறு வேலைகள் செய்யலாம். அந்த இரண்டு நாளும் தொலைபேசித் திரையைக் குறைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சும்மா படுத்திருப்பதுதான் கெடுதல். மெல்லிய நடை குணமாவதை விரைவுபடுத்துகிறது. உட்துறைமுக வீதியில் மாலை நேர நடை அதற்குத் தோதானது. நடக்கும்போது தலையிடி சற்றுக் கூடி ஒரு மணிநேரத்துக்குள் தணிந்தால் பாதகமில்லை. அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்கலாம்.

பெரும்பாலானோர் ஒரு மாதத்துக்குள் சரியாகிவிடுவார்கள். பத்து நாளாகியும் கிறுகிறுப்போ கழுத்து நோவோ விடவில்லை என்றால், கோளாறு கழுத்திலோ உட்காதின் சமநிலை உறுப்பிலோ இருக்கலாம். அதற்கு இயன்மருத்துவப் பயிற்சிகள் நன்றாக உதவுகின்றன. நாலு வாரம் தாண்டினால் திரும்பவும் வைத்தியரிடம் போக வேண்டும்.

பள்ளிக்கூடம்? பரீட்சை?

பள்ளிக்கூடம் முதலில், மைதானம் பிறகு. பாதி நாளாகத் தொடங்கலாம். வீட்டு வேலையைக் குறைத்து, எழுத்துக்குக் கூடுதல் நேரம் கொடுக்கச் சொல்லி வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். கையில் மாவுக்கட்டு இருந்தால் எந்த ஆசிரியரும் எழுதச் சொல்லி வற்புறுத்தமாட்டார். இந்தக் காயத்துக்குக் கட்டு இல்லை, அதனால் பிள்ளை சாட்டுச் சொல்கிறான் என்று எண்ணிவிடுகிறார்கள். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளே மறைப்பதும் உண்டு.

மீண்டும் விளையாட்டுக்கு எப்படித் திரும்புவது?

ஆறு படிகள். அன்றாட வேலைகள், பிறகு நடை, மெல்லோட்டம், மிதிவண்டி, பிறகு தனியே செய்யும் விளையாட்டுப் பயிற்சி. இந்த மூன்றும் தலையில் அடிபட வாய்ப்பில்லாதவை. நாலாவது அணியோடு மோதலில்லாப் பயிற்சி, ஐந்தாவது முழுப் பயிற்சி, ஆறாவது ஆட்டம். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள். மூன்றாவது படிக்கும் நாலாவது படிக்கும் நடுவில்தான் கதவு: அறிகுறிகள் முற்றாக நீங்கி, வைத்தியர் பார்த்துச் சம்மதித்தால்தான் அது திறக்கும். பேரன் மூன்றாவது படியில் தனியாகச் சறுக்கிக்கொண்டே ஒன்பது நாள் நின்றான். என்னிடம் அழைத்து, "அம்மப்பா, இது சறுக்குத் தண்டனை" என்றான்.

அன்றைக்கே திரும்ப இறங்கினால் என்ன? முக்கியமான இறுதியாட்டம் அல்லவா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, பிழை விட்டவன் என்ற தகுதி. பல வருடங்களுக்கு முன் ஓர் இறுதியாட்டம். எங்கள் கோல்காப்பாளர் பாய்ந்து பந்தைத் தடுத்த வேகத்தில் கம்பத்தில் தலை மோதினான். நான் தண்ணீர் ஊற்றினேன், "நிற்பாயா?" என்று கேட்டேன். "நிற்பேன் சேர்" என்றான். நின்றான், இரண்டு கோல்களைத் தடுத்தான், வென்றோம். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது அவன் என் கையைப் பிடித்துக் கேட்டான்: "சேர், ஆட்டம் எத்தனை மணிக்கு?"

நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது அவனுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த இரண்டாம் பாதி மட்டும் அவனுக்கு இன்றுவரை நினைவில் இல்லை. அது என் திறமையல்ல, அவனுடைய அதிர்ஷ்டம்.

முதல் அதிர்வு ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், அது சிறிய அடியாக இருந்தாலும், மூளை சடுதியாக வீங்கி உயிரைப் பறிக்கலாம். அரிதுதான், ஆனால் இளையவர்களில் நடக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் ரோவன் ஸ்ரிங்கர் என்ற 17 வயது மாணவி, பாடசாலை ரக்பி அணியின் தலைவி, 2013 மே மாதத்தில் ஒரு வாரத்துக்குள் திரும்பத் திரும்ப அடிபட்டு இறந்தார். அவர் பெயரிலேயே, மகள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணம் 2018 இல் சட்டம் இயற்றியது. மூளையதிர்வு என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும்; படிப்படியாகத்தான் திருப்ப வேண்டும்; விளையாடுபவரும் பெற்றோரும் பயிற்றுநரும் இதைப் பற்றி வருடந்தோறும் படித்தாக வேண்டும். பேரனை இறக்க மறுத்த அந்தப் பயிற்றுநர் தன் விருப்பத்துக்கு மறுக்கவில்லை. மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவள் சற்று நேரம் பேசவில்லை.

நல்ல தலைக்கவசம் வாங்கிக் கொடுத்தால் போதாதா?

தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும், அதற்காகக் கட்டாயம் போட வேண்டும். வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கித் தொடரான என்.எச்.எல்., 1979 இல் புதிதாகச் சேர்பவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. தலைக்கவசமில்லாமல் ஆடிய கடைசி மனிதர் கிறேக் மக்ரவிஷ் 1997 இல்தான் ஓய்வுபெற்றார். ஆனால் உள்ளே மூளை முறுக்குண்பதை ஓடு தடுக்காது. கவசம் போட்ட துணிச்சலில் கூடுதலாக மோதுபவர்களும் இருக்கிறார்கள். ஐஸ் ஹொக்கியில் பற்காப்பு அணிபவர்களிடம் மூளையதிர்வு 28 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. பற்களைக் காக்கப் போடுவது தலைக்கும் உதவுவது உபரி இலாபம்.

மற்றதெல்லாம் விதியும் பழக்கமும்தான். பின்னாலிருந்து இடிப்பது பெரிய குற்றம். சில சிறுவர் அணிகளின் சட்டையில், முதுகுப் பக்கம், "நில்" என்ற அடையாளமே தைத்திருக்கிறது. பலகைக்கு அருகில் போகும்போது தலையைக் குனியக் கூடாது என்று முதல் நாளிலேயே படிப்பிக்கிறார்கள். தலையைக் குறிவைத்து இடிப்பதை என்.எச்.எல். தனி விதியாக எழுதித் தடுத்தது 2010 இல்தான்.

இங்கே நாம் செய்யக்கூடியது இன்னும் மலிவு. கோல் கம்பங்களைச் சாயாமல் ஊன்றி, பஞ்சோ பழைய ரயரோ சுற்றலாம். எல்லைக் கோட்டை ஒட்டிச் சீமெந்துக் கானும் நிறுத்திய ஓட்டோவும் இல்லாமல் பார்க்கலாம். மழையில்லாமல் காய்ந்து இறுகிய மைதானத்தில் சறுக்கித் தடுக்கும் பயிற்சியைத் தள்ளிப்போடலாம். முழங்கையை உயர்த்துபவனுக்கு மத்தியஸ்தர் அட்டை காட்டும்போது கரையில் நிற்கும் நாம் கூச்சலிடாமல் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் ஊரில் கடினமானது.

உதைபந்தில் தலையால் அடிப்பது ஆபத்தா?

உதைபந்தில் மூளையதிர்வு பெரும்பாலும் வருவது தலையும் தலையும் மோதும்போதும், முழங்கை படும்போதும். பந்தைத் தலையால் அடிப்பதனால் உடனே வருவது குறைவு. ஆனாலும் அமெரிக்க உதைபந்துச் சம்மேளனம் 10 வயதுக்கும் அதற்குக் கீழும் தலையடியை 2015 இல் தடுத்தது. எனக்கு அது நல்ல முடிவாகவே படுகிறது. அந்த வயதில் கழுத்துப் பலமும் போதாது, பந்தின் நேரக்கணக்கும் பிடிபடாது. மூளையதிர்வு என்று சந்தேகம் வந்தால், வழமையான மாற்று வீரர் கணக்கில் சேராமல் ஒருவரை இறக்க 2024 முதல் ஆட்டச் சட்டமே இடமளிக்கிறது. போட்டி நடத்துபவர்கள் அதைத் தங்கள் விதியில் சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிரிக்கெட்டில்?

2019 ஓகஸ்ட் முதல் சர்வதேச ஆட்டங்களில் மூளையதிர்வுக்கு மாற்று வீரர் உண்டு. லோர்ட்ஸ் மைதானத்தில் ஸ்ரீவ் ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கியது முதல் தடவை. அதே வருடம் பெப்ரவரியில் கன்பெராவில் எங்கள் திமுத் கருணாரத்ன பந்து பட்டு விழுந்து, தூக்குப்படுக்கையில் கொண்டுபோகப்பட்டதைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மென்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை குறைவு. தோல்பந்து என்றால் வலைப் பயிற்சியிலும் தலைக்கவசம் வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு?

ஒரே விதமான விளையாட்டில் பெண்களிடம் மூளையதிர்வு கூடுதலாகப் பதிவாகிறது. கழுத்துப் பலம் ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. மறைக்காமல் சொல்லிவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி கொடுங்கள், "நடிக்கிறாள்" என்று சொல்லாதீர்கள்.

பல முறை அடிபட்டால் பிற்காலத்தில் மறதி வருமா?

ஒரு தடவை வந்து முறையாக ஆறியவர் பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை. வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களின் மூளையில் ஒருவகை நாட்பட்ட சிதைவு காணப்பட்டிருக்கிறது, முன்னாள் என்.எச்.எல். ஆட்டக்காரர் சிலரிடமும் அது இருந்தது. இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் உறுதிசெய்ய முடியும் என்பதால் உயிரோடிருப்பவர் எவருக்கும் "உனக்கு அது இருக்கிறது" என்று சொல்லிப் பயமுறுத்தக் கூடாது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது சிட்னி குறொஸ்பியின் கதை. அவருடைய காலத்தின் மிகப் பெரிய ஹொக்கி வீரர்களில் ஒருவர். 2011 ஜனவரி முதலாந் திகதி தலையில் அடி, ஐந்தாந் திகதி இன்னோர் ஆட்டத்தில் இன்னோர் அடி. நவம்பர் 21 வரை அவரால் இறங்க முடியவில்லை. இறங்கிய சில நாட்களில் அறிகுறிகள் திரும்ப, மறு வருடம் மார்ச் வரை மறுபடியும் வெளியே. அவ்வளவு காசும் அவ்வளவு வைத்தியர்களும் இருந்தும் அவர் காத்திருந்தார். பிறகு 2016 இலும் 2017 இலும் தன் அணியோடு என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தைத் தூக்கினார்.

பேரன் இப்போது விளையாடுகிறானா?

இருபத்தாறாம் நாள் இறங்கினான். தோற்றார்கள். மகள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று படம் பிடித்து அனுப்பியிருந்தாள். பாதிக்கு மேல் அரங்கின் கூரைதான் தெரிகிறது, அவன் பலகைக்கு அருகில் போகும் ஒவ்வொரு தடவையும் அவள் கை தானாகவே மேலே போயிருக்கிறது.